லாரி இன்ஜின் என்றே சொல்லுங்கள்

டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்களின் தேரோட்டம் நடக்கும். 1995-ல் ஆரம்பித்தது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை சாலையோரமெல்லாம் மடக்கு நாற்காலிகள், குளிர்பெட்டிகள், பெட்ரோல் வாசனை. நானும் என் 1969-ம் வருடத்து ஷெவ்ரலே கமாரோவை ஒரு வாகன நிறுத்தத்தில் போட்டு, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருவராவது வந்து குனிந்து பார்ப்பார். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். அவருடைய முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: "நம்பர் மேட்சிங்கா?"

"இல்லைங்க, 1979 பிக்கப் வண்டியோட இன்ஜின்" என்பேன்.

பாதிப் பேர் ஓர் "ஓ" போட்டுவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் கோத்திரத்தைக் கேட்டதும் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துகொள்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒருவர் மட்டும் நகராமல் நின்று, குரலைத் தாழ்த்தி, "இன்ஜினில் எண் அடித்த பட்டையைத் தேய்த்துப் புது எண் அடித்துத் தர எனக்கு ஆள் தெரியும்" என்றார். ஏதோ உபகாரம் செய்கிற தோரணையில். இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தால் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அடுத்தடுத்து இருக்கும். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும். மிச்சிகனில் காரின் உரிமைப் பத்திரத்தில் வண்டி அடையாள எண் ஒன்றுதான். காருக்குள் எந்த இன்ஜின் ஓடுகிறது என்று அரசாங்கம் கேட்பதில்லை. அரசாங்கம் கேட்காததைச் சந்தை கேட்கிறது. 1968 முதல் அமெரிக்கக் கார்களின் இன்ஜினிலும் வண்டி எண்ணின் ஒரு பகுதியை அடிக்கத் தொடங்கினார்கள், திருட்டைத் தடுக்கத்தான். திருடனுக்காக அடித்த எண் ஐம்பது வருடம் கழித்து ஜாதகக் கட்டமாகிவிட்டது. காரில் உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் பொருந்தினால் பத்துக்குப் பத்துப் பொருத்தம், அதற்கேற்ற விலை. பொருந்தாவிட்டால் விலையில் பெரிய துண்டு விழும்.

பொருந்தாமல் போனதற்குக் காரணம் ஒன்றும் ரகசியமில்லை. இந்தக் கார்கள் அன்றைக்குப் பொக்கிஷமாக இல்லை. 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்தது, நடுத்தர அளவுக் காரில் பெரிய கார் இன்ஜினைத் திணிப்பது என்ற அந்த 'மசில் கார்' யோசனை பற்றிக்கொண்டது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குள்ளேயே இன்சூரன்ஸ் கட்டணமும் புகை விதிகளும் கழுத்தை நெரிக்கத் தொடங்கியிருந்தன. எழுபதுகளின் பின்பாதியில் இவை வெறும் பழைய கார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் கோடை விடுமுறையில் புல் வெட்டிச் சேர்த்த காசுக்கு வாங்கினான், விரட்டினான், இன்ஜின் வெடித்தது. பழைய இரும்புக் கடைக்குப் போய், கிடைத்த இன்ஜினைத் தூக்கிவந்து மாட்டினான். அப்படி மாட்டியதால்தான் கார் நசுக்கும் எந்திரத்துக்குப் போகாமல் தப்பியது. மாற்று இன்ஜினைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். நான் நாமக்கல் பக்கம். அப்பாவுக்கு லாரி ஒர்க்‌ஷாப். லேலண்ட் காமெட் இன்ஜினைப் பிரித்துப் போட்ட சாக்கின்மேல் உட்கார்ந்துதான் ஏழாம் வகுப்புக் கணக்குப் போட்டேன். பிறகு படிப்பு, வேலை, டெட்ராய்ட். கார் பிரேக் உதிரிபாகங்களின் தரத்தைச் சோதிக்கிற உத்தியோகம். ஐம்பது வயதில் கமாரோ ஆசை வந்தது. விற்றவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். முன்கிரில்லில் வேகமான வி-8 மாடலுக்கான 'எஸ்.எஸ்.' சின்னம், பக்கவாட்டில் இன்ஜின் அளவைச் சொல்லும் '350' சின்னம். "இது இந்தக் காரோடேயே பிறந்த இன்ஜின்" என்று அவர் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நான் அப்படி நினைத்துக்கொள்வதை அவர் தடுக்கவும் இல்லை.

வாங்கிய மறுவாரம் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஷெவ்ரலேயின் இந்தச் சின்ன வி-8 குடும்பம் 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கியது. 283, 302, 305, 307, 327, 350, 400 என்று கிளை கிளையாகப் பெருகியது. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே முகம். 1976-ல் வந்த 305-ஐயும் 350-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய மெக்கானிக்கே தடுமாறுவார்; இரண்டுக்கும் பிஸ்டன் ஓட்டம் 3.48 அங்குலம்தான், சிலிண்டர் விட்டம்தான் வேறு. ஆகவே பெயின்ட்டையோ ஏர் ஃபில்டர் மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரையோ நம்பக் கூடாது. அவை இருபது டாலர் சமாசாரம். நம்பத்தக்கது வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்.

அது இருக்கும் இடம்தான் சோதனை. இன்ஜினின் பின்கோடியில், ஓட்டுநர் பக்கத்து ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின்மேல். மேலேயிருந்து பார்த்தால் ஃபயர்வால் மறைக்கும். கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு, ஃபெண்டரில் போர்வையைப் போட்டுக் குப்புறப் படுத்து, பிரேக் கிளீனர் அடித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கண்ணாடியில் எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன. கடைசியில் பிடிபட்டது: 3970010. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 350-களில் இதைவிடச் சாதாரணமான எண் கிடையாது. 1969-லிருந்து பத்து வருடத்துக்கு மேல் காரென்றும் பிக்கப்பென்றும் பார்க்காமல் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் "முருகன்" என்று பெயர் வைத்த மாதிரி. பெயரை வைத்து எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியாது.

எதிர்ப் பக்கத்து விளிம்பில் வார்த்த தேதி: எஃப் 17 9. மாதத்துக்கு ஓர் எழுத்து. ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். ஜூன் 17. வருடத்துக்கு ஒரே ஓர் இலக்கம்தான், 9. ஃபயர்வாலில் இருந்த பாடித் தகட்டில் 07பி என்று இருந்தது, அதாவது ஜூலை மாதம் இரண்டாவது வாரம். ஜூன் நடுவில் இன்ஜினை வார்த்து, ஜூலையில் காரில் ஏற்றியிருக்கிறார்கள்! தேதி பிசகாமல் பொருந்தியது. அன்று ராத்திரி வீட்டில் பாயசம் வைக்காத குறை.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. 9 என்றால் 1969 மட்டும்தானா? அதே எண்ணுள்ள வார்ப்பை 1979-லும் ஊற்றியிருக்கிறார்களே.

இன்னொரு சாட்சி உண்டு. இன்ஜினின் முன்பக்கம், பயணி பக்கத்து ஹெட் முடியும் இடத்தில், ஆல்டர்னேட்டருக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு தட்டையான பட்டை. அதில் அடித்த எண்கள் புடைத்து நிற்காது, குழிந்து இருக்கும். முப்பது நாற்பது வருடத்து எண்ணெய்க் களிம்பும் ஆரஞ்சுப் பெயின்ட்டும் அதை மூடியிருந்தன. ஆல்டர்னேட்டரைக் கழற்றினேன். இரும்பு பிரஷ் போடக் கூடாது. பட்டையின்மேல் ஆலை எந்திரம் இழைத்த மெல்லிய கோடுகள் ஓடும், அவையும் சாட்சிதான். பெயின்ட் கரைப்பானை ஊற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக வழித்தேன். அப்போதும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சட்டென்று நாமக்கல் ஞாபகம் வந்தது. எஃப்.சி. காட்டப் போகும் லாரிக்குச் சேசிஸ் எண்ணைக் காகிதத்தில் எடுப்பார்களே, பென்சில் பிரின்ட், சின்ன வயதில் அது என் வேலை. மெல்லிய தாளைப் பட்டைமேல் வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு உரசினேன். சாம்பல் நிறத்தில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வி, 0628, அப்புறம் டி-யில் தொடங்கும் மூன்று எழுத்து.

வி என்றால் ஃப்ளிண்ட் நகரத்து வி-8 ஆலை. 0628 என்றால் ஜூன் 28-ல் பூட்டியது. இதிலும் வருடம் இல்லை. ஆனால் அந்த மூன்றெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. 1969 வரை கார் இன்ஜின்களுக்கு இரண்டு எழுத்துதான். மூன்றெழுத்து வந்ததே 1970 மாடலில். அதிலும் சி-யில் தொடங்கினால் கார், டி-யில் தொடங்கினால் டிரக். எங்கள் தெருவில் ஃப்ளிண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "டிரக்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நல்ல இன்ஜின்தான். நாங்க செஞ்சதுதான்" என்றார்.

இதில் இன்னும் ஒரு கூத்து பாக்கி. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில் டாஷ்போர்டில் ஒட்டிய வண்டி எண்ணை நான் பத்திரத்தோடு சரிபார்த்தேனே தவிர வாசிக்கவில்லை. 12337 என்று ஆரம்பிக்கிறது. அந்த வருடத்துக் கமாரோவில் மூன்றாவது இலக்கம் 4 என்றால் வி-8. 3 என்றால் ஆறு சிலிண்டர். என் கார் ஒஹாயோ மாநிலம் நார்வுட் ஆலையில் ஆறு சிலிண்டரோடு பிறந்த குழந்தை. அதற்கு எஸ்.எஸ். சின்னம் கிடைத்ததெல்லாம் பிற்பாடு யாரோ வாங்கி ஒட்டியது. கண்ணாடி வழியாகத் தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரிந்த உண்மையைத்தான் நான் குப்புறப் படுத்து இரண்டு வாரம் தேடியிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சலித்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. "லாரி இஞ்சினுன்னா கேவலமா சாமி? நம்மூட்டுச் சோறே லாரில வந்ததுதான?" என்றார். பிக்கப் வண்டியும் அவர் கணக்கில் லாரிதான். அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்கிறேன்.

சரி, புது எண் அடித்துத் தருவதாகச் சொன்ன புண்ணியவானுக்கு வருவோம். டாஷ்போர்டு எண்ணில் கை வைத்தால் கூட்டரசுக் குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். இன்ஜின் பட்டை விஷயத்தில்தான் பலருக்கு மனசாட்சி வளைகிறது. பழைய எண்ணை அரைத்து எடுத்து, அந்தக் காலத்து எழுத்து அச்சு வாங்கி அடித்து, நான் சொன்னேனே இழைப்புக் கோடு, அதையும் போலியாகக் கீறிவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவென்றே பூதக்கண்ணாடியோடு அலையும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நோயும் வைத்தியமும் ஒரே தெருவில் கடை போட்டிருக்கிற தொழில். "புதுப்பிக்கும்போது பழையபடி எண்ணையும் மீட்டெடுத்தேன், அவ்வளவுதானே" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கதவுக்குப் பழைய நிறத்தில் பெயின்ட் அடிப்பது மீட்பு. நடக்காத பிறப்பை நடந்ததாக எழுதுவது போலிச் சான்றிதழ். விற்கும்போது அதைச் சொல்லிவிட்டு விற்பார்களா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

போலி எண் அடிப்பதில் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல் வேறொன்று. அந்த இன்ஜினின் சொந்தக் கதையை அது அழித்துவிடுகிறது. என் இன்ஜினைப் பிரித்தபோது பிஸ்டன் தலையில் 030 என்று இருந்தது. யாரோ ஒருமுறை போர் அடித்து, அங்குலத்தில் ஆயிரத்துக்கு முப்பது அகலப்படுத்தியிருக்கிறார்கள். நான்கு அங்குலம் 4.030 ஆனதால் 350 என்று பிறந்தது இப்போது 355 கன அங்குலம். அடியில் ஆயில் பானைக் கழற்றினால் கிராங்க்கைப் பிடித்திருக்கும் நடு மூன்று தொப்பிகளுக்கும் தலா நான்கு போல்ட். கனமான வேலைக்கென்று செய்தது. இதை வெளியிலிருந்து எந்த எண்ணும் சொல்லாது, திறந்தால்தான் தெரியும். ஒரு பிக்கப்பில் எங்கெங்கோ சுமை இழுத்து, ஒரு மெக்கானிக் கையில் மறுபிறவி எடுத்து, மூன்றாவதாக என் கமாரோவுக்கு வந்திருக்கிறது. இவ்வளவு வாழ்ந்த இன்ஜினின் நெற்றியில் ஏன் ஒரு பொய்யை எழுத வேண்டும்?

இனி மெருகேற்றுவது. எழுபதுகளின் கடைசியில் வந்த 350 பாவப்பட்ட ஜீவன். 1971-ல் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தை இறக்கியது. அது இறங்கியே கிடந்தது. 1969 எஸ்.எஸ். 350-க்கு 300 குதிரைத்திறன் என்று விளம்பரம். 1979 பிக்கப்புக்கு ஏறக்குறைய 165. இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது ஏமாற்று வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 மாடலுக்கு முன்னால் இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, சைலன்சர், ஃபேன் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் போகக் கைக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம். அப்படிப் பார்த்தாலும் லாரி இன்ஜின் சோகைதான்.

சோகைக்குக் காரணம் அடியில் இல்லை, தலையில். சிலிண்டர் ஹெட்டில் 333882 என்று இருந்தது. எரியறை 76 கன சென்டிமீட்டர், பெரிய குகை. என்னுடையதில் ஒரு ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே மயிரிழை விரிசல் வேறு. இந்த வார்ப்புக்குப் பழகிப்போன வியாதி. இதற்கு மாற்றாக 1996 முதல் பிக்கப்புகளில் வந்த வோர்டெக் ஹெட் இருக்கிறது. எரியறை 64 கன செ.மீ., காற்று போகும் வழி நன்றாகத் திறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் 727 கன செ.மீ.; பழைய அழுத்த விகிதம் 8.2 என்று வைத்தால், ஹெட்டில் குறையும் 12 கன செ.மீ. மட்டுமே அதை 9.2 பக்கம் கொண்டுபோய்விடும். பிஸ்டனைத் தொட வேண்டாம். சாதா 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். இரும்புக் கடையில் 1998 பிக்கப்பிலிருந்து ஒரு ஜோடி கழற்றி, விரிசல் இல்லையென்று சோதித்து எடுத்துவந்தேன். லாரிக்கு லாரி சம்பந்தம்!

கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்த சாமியார் கதை அங்கேதான் தொடங்கியது. பழைய ஹெட்டில் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பன்னிரண்டு போல்ட். வோர்டெக்கில் எட்டு, இடமும் வேறு. ஆகவே புது மேனிஃபோல்டு. ராக்கர் வேறு மாதிரி. வால்வு கவருக்கு போல்ட் விளிம்பில் இல்லை, நடுவில். வால்வு எழும்பும் உயரத்துக்கும் அந்த ஹெட்டில் ஒரு வரம்பு உண்டு, அதை மீறாத கேம்ஷாஃப்ட் வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் வாசலில் வந்து இறங்கும்போது என் மனைவி, "ஏங்க, இது காரா கற்பூரமா?" என்று கேட்பாள்.

கேம்ஷாஃப்ட்டில்தான் அடி வாங்கினேன். 1987-க்கு முந்தைய இந்த இன்ஜின்களில் டாப்பெட்டின் அடி தட்டை. கேமின் முதுகில் நேரடியாக உராயும். அந்த உராய்வைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் தேவை. புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக்குக் கெடுதல் என்று புதுக் கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். புதுக் காருக்கு அது சரி, அதில் ரோலர் டாப்பெட். எனக்கு இது தெரியும். தெரிந்தும், கராஜில் இருந்த சாதா ஆயிலை ஊற்றினேன். முதல் ஓட்டத்தில் ஐடிலில் விடக் கூடாது. இருபது, முப்பது நிமிடம் இரண்டாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். நான் பத்தாவது நிமிடத்தில், ரேடியேட்டர் குழாயில் சொட்டுகிறதே என்று வேகத்தைக் குறைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடிந்திருந்த தாளை விசிறிபோல விரித்தேன். கராஜ் விளக்கில் அது திருவிழா ஜரிகைபோல மின்னியது. இரும்புத் துகள். கேமில் ஒரு மேடு முட்டை வடிவம் போய் உருண்டையாகியிருந்தது. தரச் சோதனையில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன், ஓர் ஆயில் டப்பாவில் மானம் போயிற்று. மறுபடி முழுசாகப் பிரித்து, பேரிங்கெல்லாம் கழுவி மாற்றி, சரியான ஆயில் ஊற்றி, ரேடியேட்டர் குழாயை முதலிலேயே இறுக்கி, அரைமணி நேரம் ஆக்ஸிலேட்டரை விட்டு அசையாமல் நின்றேன். அது 1-8-4-3-6-5-7-2 என்று தன் வரிசையில் பிசிறில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

எத்தனை குதிரை என்று கேட்காதீர்கள். டைனோவில் ஏற்றவில்லை, எண்ணுக்காக வாழ்கிறவர்களோடு இன்னோர் எண்ணையும் வைத்துச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நான் கேட்கும் கேள்வி வேறு. ஆறு சிலிண்டர்க் கமாரோவுக்கு ஆலை போட்டனுப்பியது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பின்னால் பக்கத்துக்கு ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். விற்றவர் கையில் அது அப்படியேதான் இருந்தது. 140 குதிரையை நிறுத்தச் செய்த பிரேக்கின்மேல் வி-8 ஏற்றி, எஸ்.எஸ். சின்னம் ஒட்டி, என் மகளை முன்சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறேன். பிரேக் விஷயம் என் பிழைப்பு. டிரம் சூடேறினால் என்ன ஆகும் என்று விளக்க யாரும் தேவையில்லை. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் வழுக்கும், பெடல் அடியோடு போகும். ஒன்றரை டன் வண்டி. சரிவில் சிவப்பு விளக்கு விழுந்தால் பிரார்த்தனைதான்.

ஆகவே நான் ஹெட்டை வாங்கும் முன்னால் வாங்கியது முன்சக்கர டிஸ்க் பிரேக். பின்னால் பல பட்டை ஸ்பிரிங். உட்வர்டில் பானெட்டுக்குள் குனிகிறவர்களில் ஒருவர்கூட இதுவரை கீழே குனிந்து பிரேக்கைப் பார்த்ததில்லை. இன்ஜினின் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது நிற்குமா என்று கேட்பதில்லை. பழைய காரை மெருகேற்றுகிறேன் என்று கிளம்பும் இளைஞர்களிடம், அண்ணன் ஸ்தானத்தில் இதை மட்டும் கறாராகச் சொல்வேன்: இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை முதலில் சக்கரத்துக்குப் போடு. மீதிப் பாதியில் என்ன கிடைக்கிறதோ அது போதும்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, 1997-க்குப் பின் வந்த எல்.எஸ். வகை இன்ஜினைத் தூக்கிப் போட்டால் சுலபமாக இரண்டு மடங்கு சக்தி கிடைக்குமே" என்று என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் கேட்கிறார்கள். கிடைக்கும். அது நல்ல இன்ஜின், குறை சொல்ல மாட்டேன். அதற்குக் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், ஒயரிங் என்று இன்னொரு பூனை, இன்னொரு பசு. எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்த ஸ்பேனரால் திருகக்கூடிய இன்ஜின் வேண்டும், அவ்வளவுதான். இதை நியாயம் என்று வாதாட மாட்டேன்; ஆசை.

விற்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விளம்பரத்தில் "350 வி-8" என்று போட்டு நிறுத்தாதீர்கள். வார்ப்பு எண், வார்த்த தேதி, பட்டை எண், மூன்றையும் படமெடுத்துப் போடுங்கள். "பிறக்கும்போது ஆறு சிலிண்டர், இப்போது 1979 டிரக் இன்ஜின்" என்று எழுதினால் இரண்டாயிரம் டாலர் குறையுமோ என்னவோ, வாங்குகிறவனுக்கு எந்த கேஸ்கெட் வாங்குவது என்றாவது தெரியும். என் கார் சுத்த ரத்த மசில் கார் அல்ல. வளர்ப்பால் மசில் கார். எஸ்.எஸ். சின்னத்தை நான் கழற்றிவிட்டேன். முன்கிரில்லில் அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை தெரிகிறது, அடைக்கவில்லை.

ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டில் ஒரு சின்ன அலுமினியப் பட்டயம் திருகியிருக்கிறேன். எண் அச்சு வாங்கி நானே அடித்தது. 3970010, ஜூன் 1979, ஃப்ளிண்ட், டிரக், 030, ஹெட் 1998. கீழே மூலையில் தமிழில் 'லாரி இன்ஜின்' என்று கையால் கீறியது. எழுத்து கோணல். அப்பாவுக்குப் படம் அனுப்பியபோது, "ரி-க்குச் சுழி சரியில்ல" என்று பதில் வந்தது.

இன்னும் வேலை இருக்கிறது. ஆறு சிலிண்டரோடு வந்த இரண்டே கியர் பவர்கிளைடு கியர்பாக்ஸ்தான் இப்போதும் கீழே கிடக்கிறது. அதைக் குளிர்காலத்தில் மாற்ற வேண்டும். 1986-க்கு முந்தைய இன்ஜின்களில் கிராங்க்கின் பின்கோடி ஆயில் சீல் இரண்டு துண்டு. என்ன செய்தாலும் ஒரு சொட்டு விடும். கராஜில் காருக்கு அடியில் அரிசிப் பை அட்டை ஒன்றை விரித்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று சொட்டு. நேற்று பார்த்தேன், நான்கு.